கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சா? காவிரி டெல்டா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம் எனக்கு, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர். வெளியூரில் வேலை பார்த்த நாளில் உடன் இருந்தவர்களும், பிறகு சம்பந்தம் பேச வந்தவர்களும், சும்மா கோயில் பார்க்க வந்தவர்களும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது.

டெல்டா என்றால் எந்தெந்த ஊர்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் முழுக்கவோ பெரும்பாலுமோ. கூடவே திருச்சி, கடலூர், புதுக்கோட்டை, அரியலூர் மாவட்டங்களில் காவிரித் தண்ணீர் பாயும் பகுதிகள். எங்கள் பெரியவர்களுக்கு இது இன்னமும் "தஞ்சை ஜில்லா"தான். மயிலாடுதுறை 2020ல்தான் தனி மாவட்டமானது. அதற்குள் அந்த ஊர்க்காரர்கள் ஏதோ சோழர் காலத்திலிருந்தே தனி மாவட்டம் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரே ஆறு எப்படி இத்தனை ஆறாகிறது?

குடகு மலையில் தலைக்காவிரியில் தொடங்கி சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. மற்ற இடங்களில் சின்ன ஆறுகள் வந்து பெரிய ஆற்றில் சேரும். இங்கே தலைகீழ். திருச்சியைத் தாண்டியதும் காவிரி பிரிந்துகொண்டே போகிறது.

முதலில் முக்கொம்பு. அங்கே வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, அதனால் விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே போய்விடும். அதைத் தடுக்கத்தான் 1830களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, கொஞ்சம் கீழே, இதே காரணத்துக்காகக் கட்டப்பட்டதுதான் கல்லணை. கரிகாலன் கட்டியது என்பது மரபு. ஓடும் ஆற்று மணலில் பெரிய பெரிய கல்லைப் போட்டு, அது அமிழ அமிழ மேலே அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். காட்டன் அதைப் பார்த்துத்தான் மணலில் அஸ்திவாரம் போடக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்கு மூன்று. வெள்ளம் வந்தால் வடிய கொள்ளிடம். கல்லணைக் கால்வாயை நாங்கள் "புது ஆறு" என்போம், 1934ல் மேட்டூர் அணையோடு வந்தது. அதற்குப் பின் காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்றும், வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, வடவாறு என்றும் கிளைகள். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு பிரியும். இத்தனையும் பிரிந்த பிறகு பூம்புகாரில் கடலைத் தொடும் காவிரியைப் பார்த்தால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டார். நம் ஊர் வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும்.

ஜூன் 12க்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

அன்றைக்குத்தான் வழக்கமாக மேட்டூர் அணை திறப்பு. ஜனவரி 28 மூடல். இடையில் இருக்கும் நாட்களை வைத்துத்தான் கல்யாணம், கடன், வீடு பூச்சு எல்லாம். அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி. இந்தக் கணக்கு தெரியாத சின்னப்பிள்ளைகூட "மேட்டூர் எத்தனை அடி?" என்று கேட்கும்.

ஆனால் தேதி வெறும் தேதியாகவே இருந்துவிட்ட வருஷங்கள் நிறைய. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து ஜூன் 12ல் திறக்கவில்லை. 2017ல் அக்டோபர் 2 அன்றுதான் திறந்தார்கள். 2022ல் எல்லாம் மாறி, மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தூர்வாரும் வேலை பாதியில் நின்றது. 2024ல் ஜூலை 28. 2025ல் மறுபடி ஜூன் 12. எனவே ஜூனில் தொடங்கும் குறுவை நெல் போடலாமா வேண்டாமா என்பதை எங்கள் ஊரில் வானம் தீர்மானிப்பதில்லை, குடகில் பெய்யும் மழையும் கர்நாடக அணைகளும் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் காவிரி வழக்கு முடிந்துவிட்டதா?

காகிதத்தில் முடிந்தது. நடுவர் மன்றம் 1990ல் அமைந்தது, 2007 பிப்ரவரி 5ல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சாதாரண ஆண்டில் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி வர வேண்டும். மழை நன்றாகப் பெய்தால் கேட்காமலே வரும், ஒரே நேரத்தில் வரும், கொள்ளிடம் வழியாகக் கடலுக்கும் போகும். மழை குறைந்த ஆண்டில் எப்படிப் பங்கு பிரிப்பது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை.

தலைமடை, கடைமடை என்கிறீர்களே, அது என்ன?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் இடத்தை ஒட்டிய வயல் தலைமடை. அது முடியும் இடத்தில் இருப்பது கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள். ஜூன் 12ல் மேட்டூரில் பூ தூவினால் 15, 16ல் கல்லணையில் பூ தூவுவார்கள். அதன்பின் எங்கள் ஊருக்கு வர இரண்டு வாரம் ஆகும், சில வருஷம் அதற்கும் மேல்.

அந்த இரண்டு வாரமும் ஊரில் ஒரே பேச்சு. டீக்கடையில் உட்கார்ந்தால்:

"என்ன மாமா, தண்ணி வந்துடுச்சா?"

"மூணாறு தலைப்புல பிரிச்சு விட்டுட்டாங்களாம். லஸ்கர் சொன்னார்."

"எத்தனை கன அடியாம்?"

"அதையெல்லாம் நீ ஏன்டா கேக்குற, வரட்டும் பார்ப்போம்."

லஸ்கர் என்பவர் மதகைத் திறந்து மூடும் நீர்வளத்துறைப் பணியாளர், முன்பு பொதுப்பணித்துறை. அந்தக் காலத்தில் மாவட்ட ஆட்சியரைவிட அவர் வீட்டு வாசலில்தான் கூட்டம் என்று என் தாத்தா சொல்வார்.

தண்ணீர் வரும்போது சத்தம் எதுவும் இருக்காது. காய்ந்து பாளம் பாளமாக வெடித்த வாய்க்கால் தரையில் முதலில் ஒரு நுரை விளிம்பு ஊர்ந்து வரும். அதன் முன்னால் சருகு, ஆட்டுப்புழுக்கை, பிளாஸ்டிக் கவர், கூடவே ஓடும் பூரான். வெடிப்பு ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறங்கிக் குமிழி விடும்; நிறைந்த பிறகுதான் அடுத்த அடி நகரும். ஒரு பனைமர தூரம் வர கால் மணி நேரம் ஆகும். சின்ன வயதில் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே வீடு வரை கூட்டி வருவோம்.

இன்னொரு சங்கதி. ஆற்றில் மணல் எடுத்து எடுத்துப் படுகை கீழே போய்விட்டது. வாய்க்கால் தலைப்பு மேலேயே நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது. பார்க்கிறவர்களுக்கு "ஆறு நிறையப் போகிறதே, இன்னும் என்ன?" என்று தோன்றும்.

குறுவை, சம்பா, தாளடி: என்ன வித்தியாசம்?

குறுவை ஜூன், ஜூலையில் போட்டு செப்டம்பர், அக்டோபரில் அறுப்பது. 105 முதல் 120 நாள். ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற ரகங்கள். சம்பா ஆகஸ்டில் தொடங்கித் தை மாதம் அறுவடை. சிஆர் 1009 போன்றவை 150 நாளைத் தாண்டும். குறுவை அறுத்த தாளோடு உழுது அதே வயலில் போடுவது தாளடி. ஆடுதுறை என்பது ரகத்தின் பெயர் மட்டுமல்ல, ஊரின் பெயரும்கூட. நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே 1922லிருந்து இருக்கிறது.

கடைமடையில் நாங்கள் பெரும்பாலும் ஒரு போகச் சம்பாதான். நாற்று விட்டு நடுவதற்குத் தண்ணீரை நம்ப முடியாததால், காய்ந்த புழுதியிலேயே விதையைத் தெளித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பவர்கள் பாதிப்பேர்.

அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் உளுந்தோ பயறோ தெளிப்போம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் தடம் விழ வேண்டும், தண்ணீர் ஊறக்கூடாது. அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, பனியிலேயே விளைந்துவிடும். இப்போது அறுவடை மெஷினின் பெல்ட் அந்த முளையின் மேலேயே ஏறிப் போகிறது. கையால் அறுத்த காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் கையால் அறுக்க யார் இருக்கிறார்கள்?

மா, வேலி என்று சொல்கிறார்களே, ஏக்கரில் எவ்வளவு?

100 குழி ஒரு மா. மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு மா சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி, ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. விளைச்சலைக் கேட்டால் "மாவுக்கு எத்தனை மூட்டை" என்றுதான் பதில் வரும். அந்த மூட்டை 60 கிலோ. அரசு கொள்முதலில் 40 கிலோ சிப்பம். இதைக் குழப்பிக்கொண்டு "உங்கள் ஊரில் அமோக விளைச்சலாமே" என்று எழுதியவர்கள் உண்டு.

நடவுக்கு, அறுப்புக்கு யார் வருகிறார்கள்?

அறுப்புக்கு மெஷின். ஈர வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. நடவுக்கு உள்ளூர்ப் பெண்கள், போதாததற்கு சமீப வருஷங்களில் மேற்கு வங்கம், பீகார்ப் பக்கமிருந்து வரும் குழுக்கள். எங்கள் பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். அந்த வடக்கத்திக்காரர்கள் இங்கே வருகிறார்கள். நடவுப் பாட்டு கேட்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் வங்காளப் பாட்டு கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அறுவடை முடிந்ததும் வேறொரு கூட்டம் வரும். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடு படுத்த வயலுக்கு உரம் வாங்க வேண்டாம். இன்னொரு பக்கம், சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்து மந்தை. இரண்டும் ஒரே வரப்பில் சந்தித்தால் பார்க்க வேடிக்கைதான்.

வயலில் வில் மாதிரி நட்டிருக்கிறதே, அது என்ன?

எலிக் கிட்டி. தஞ்சாவூர்க் கிட்டி என்றே பெயர். ஒரு மூங்கில் பட்டையை வளைத்து வில்லாக்கி, அதில் சுருக்குக் கயிறு, நடுவில் இரை. சாயங்காலம் வரப்போரமாக நட்டுவிட்டுப் போவார்கள். எலி இரையைக் கடித்து இழுத்ததும் வில் விடுபட்டுக் கழுத்தில் சுருக்கு விழும். விடிவதற்குள் வந்து எடுத்துக்கொண்டு, எலிக்கு இத்தனை என்று கூலி வாங்கிக்கொள்வார்கள். விஷம் வேண்டாம், கரண்ட் வேண்டாம். நூறு கிட்டியைத் தோளில் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் அந்தி வெளிச்சத்தில் வரப்பில் நடந்து போவதைப் பார்த்தால், ஏதோ வாத்தியக்காரர் கச்சேரிக்குப் போவது போலிருக்கும்.

நெல்லை எங்கே விற்பீர்கள்?

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், அவசரமென்றால் வியாபாரியிடம். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. வியாபாரி குறைவாகத் தருவார், ஆனால் அன்றே எடுத்துக்கொண்டு போவார்.

நிலையத்தில் முதல் கேள்வி ஈரப்பதம். 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்கக்கூடாது என்பது விதி. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் ஒன்றாக வந்து நிற்கின்றன. சில வருஷம் மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுத் தளர்வு தருவார்கள். அதுவரை காயவைப்பது எங்கே? களம் எல்லாம் நிரம்பிவிட்டால் தார்ரோட்டில்தான். காரில் வருகிறவர்கள் திட்டிக்கொண்டே ஓரமாகப் போவார்கள். தெரியும், மன்னியுங்கள், வேறு இடம் இல்லை.

ஒரு வருஷம் எங்கள் நெல் ஐந்து நாள் வரிசையில் கிடந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மழை. நானும் அண்ணனும் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடினோம். மேலே நனையவில்லை, தண்ணீர் கீழே தரையோடு வந்து அடி நெல்லை ஊறவைத்துவிட்டது. மறுநாள் கையை உள்ளே விட்டால் கதகதவென்று சூடு. இரண்டாம் நாள் வெள்ளை முளை. அம்மா அந்த நெல்லை அள்ளி மாட்டுக்கு வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படுதா மேலே போடுவதற்கு ஒன்று, கீழே விரிக்க ஒன்று.

நெல்லைத் தவிர வேறு தொழில் கிடையாதா?

இருக்கிறது, அதிலும் பாதி இந்த ஆற்று மண்ணிலிருந்தே வந்தது. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்க்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே போகும். அந்த இடத்தில் உருக்கிய உலோகம். வண்டலோடு கருக்கிய உமியை அரைத்துக் கலப்பார்கள். நெல்லின் உமி, ஆற்றின் வண்டல், இரண்டும் சேர்ந்து நடராஜரின் விரல் நகத்தைக்கூடப் பதிவெடுக்கின்றன. அந்த முதல் பூச்சு பாயசம் போல மெல்லியதாக இருக்கும். கனமான பூச்சு அப்புறம்தான்.

பக்கத்திலேயே நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், தஞ்சாவூர் வீணை, தலையாட்டி பொம்மை. பாபநாசம், ராஜகிரி பக்கம் ஆற்றங்கரைக் கொடிக்காலில் அகத்தி மரத்தைத் தழுவி ஏறும் வெற்றிலை. 100 வெற்றிலை ஒரு கவுளி. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவையாற்றில் வாழை. வேதாரண்யத்தில் உப்பு, 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்து வந்தது அங்கேதான்.

எண்ணெய்க் கிணறும் இருக்கிறதாமே?

இருக்கிறது. வயலுக்கு நடுவே சுற்றுச்சுவர் கட்டிய கிணறுகளைப் பார்க்கலாம். நரிமணத்தில் சுத்திகரிப்பு ஆலை ஒன்றும் இருந்தது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக 2017ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் பெரிய போராட்டம் நடந்தது. 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏற்கெனவே இருந்த கிணறுகளை அது மூடவில்லை.

டெல்டாக்காரர் என்றால் எல்லோரும் மிராசுதார்தானா?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வரும். வேலிக்கணக்கில் நிலம் சில கைகளிலும் கோயில், மடங்களிலும் இருந்தது. உழுதவர்கள் பண்ணையாட்கள், குத்தகைதாரர்கள். 1952ல் அவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள்; பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பச்சை வயலைப் படமெடுக்க வருகிறவர்கள் அந்த நினைவிடத்துக்கும் ஒருமுறை போய் வரலாம். நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, தூரமில்லை.

வெள்ளம், புயல் எல்லாம் பழகிப்போயிருக்குமே?

எதுவும் பழகாது. நவம்பரில் மழை வலுத்தால் வடிகால் எல்லாம் கடைமடையை நோக்கித்தான் ஓடி வரும். ஜூனில் தாமதமாக வரும் அதே தண்ணீர் நவம்பரில் எல்லோருக்கும் முன்னால் எங்களிடம் வந்து நிற்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பெல்லாம் ஒரே திசையில் சீவிவிட்ட தலைமுடி மாதிரி படுத்துக் கிடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய்க் காசில் படித்த தலைமுறை உண்டு. நெல் போனால் அடுத்த வருஷம் போடலாம், தென்னைக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

ஆடிப்பெருக்கைக் கடைமடையில் கொண்டாடுவீர்களா?

கொண்டாடுவோம், தண்ணீர் இருந்தால் வாய்க்காலில், இல்லாவிட்டால் அடிபம்பில். காதோலை கருகமணி, சித்ரான்னம் எல்லாம் உண்டு. தண்ணீர் வராத ஒரு வருஷம் பாட்டி குடத்தில் மோட்டார்த் தண்ணீர் பிடித்து, மஞ்சள் வைத்து, "நீயும் காவிரிதான்" என்று சொல்லிவிட்டுப் படைத்தார்.

கடைசியில் ஆறு எங்கே போய்ச் சேர்கிறது?

எங்கள் பக்கத்து ஆறுகள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில். படகில் போக வேண்டும். போகப் போக நெல்லின் பச்சை மறைந்து, வேர்கள் சேற்றிலிருந்து ஈட்டி மாதிரி மேலே நிற்கும் வேறொரு பச்சை வரும். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும்.

எப்போது வந்தால் பார்க்க நன்றாக இருக்கும்?

படத்துக்கு என்றால் டிசம்பர் கடைசி, கதிர் தலை சாயும் நேரம். மழைக்கோட்டு கொண்டு வாருங்கள். எனக்குக் கேட்டால் ஜூன் கடைசியில் வாருங்கள். பார்க்க ஒன்றும் இருக்காது, காய்ந்த வாய்க்காலும் வெயிலும்தான். ஆனால் ஒருநாள் காலையில் யாராவது மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுவார்கள். நீங்களும் பின்னாலேயே ஓடி வாருங்கள். செருப்பை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.